மெயின்ஃப்ரேம்ல பைத்தான் ஓடுமா? கனெக்டருக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி

கேள்வி: பேங்க் ப்ராஜெக்ட்ல கோபால்ங்கற (COBOL) ப்ரோக்ராம் மொழில பேட்ச் ஜாப், அதாவது மொத்தமா தானா ஓடற வேலை, பாக்கறேன் சார். ராத்திரி வர்ற ஃபைலை செக் பண்ணி ரிப்போர்ட் எடுக்க பைத்தான் போடலாம்னு ஆசை. மெயின்ஃப்ரேமோட ஆப்பரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ல பைத்தானே கிடையாது, எங்க கனெக்டர் சாஃப்ட்வேரை வாங்கித்தான் ஆகணும்னு ஒரு வென்டார் சொல்றார். நிஜமா?

பதில்: சுத்தப் பொய். ஐபிஎம்மே 2020லேர்ந்து இசட்/ஓஎஸ்க்கு பைத்தான் தருது, லைசன்ஸுக்கு காசு கிடையாது, சப்போர்ட் வேணும்னாதான் தனியா கட்டணும். இசட்/ஓஎஸ்க்குள்ளயே இருக்கற யூனிக்ஸ் பகுதியான யூனிக்ஸ் சிஸ்டம் சர்வீசஸ்ல ஓடும், ஜாப் ஓட்ட எழுதற ஜேசிஎல்ல, யூனிக்ஸ் ப்ரோக்ராமைக் கூப்பிடற பிபிஎக்ஸ்பேட்ச் வச்சு பேட்ச்லயும் கூப்பிடலாம். டிஎஸ்ஓல, அதாவது நீங்க லாகின் பண்ணி கமாண்ட் அடிக்கற இடத்துல, ஏற்கனவே இருக்கற ரெக்ஸ்ங்கற ஸ்க்ரிப்ட் மொழியும் இன்டர்ப்ரெட்டர்தான், ஆனா க்ளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் அதுல வராது.

வென்டார் டெமோ காட்டினா முதல்ல ஒண்ணு கேளுங்க, இது இசட்/ஓஎஸ்லயா இல்ல அதே மெஷின்ல இருக்கற லினக்ஸ்லயான்னு. லினக்ஸ்ல பைத்தான், ரூபி எல்லாம் சாதாரணமா ஓடும், அதைக் காட்டி கையெழுத்து வாங்கிட்டு போயிடுவாங்க, அப்புறம் உங்க டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் ஃபைல்) இருக்கற இசட்/ஓஎஸ் பக்கம் வந்து பாத்தா பாதி வேலை செய்யாது. சி கோட் கலந்த பேக்கேஜ்களும் அப்படித்தான், பைத்தான் பேக்கேஜ் இறக்கற பிப் கமாண்டைப் போட்ட உடனே இறங்கிடும்னு நம்பாதீங்க.

நீங்க நிஜமா பயப்பட வேண்டியது எப்சிடிக்குக்கு, அதாவது மெயின்ஃப்ரேம் எழுத்துக்களை வைக்கற கோட் முறைக்கு. டெக்ஸ்ட் மட்டும் இருக்கற ஃபைல்னா மத்த கம்ப்யூட்டர்கள்ல இருக்கற ஆஸ்கி கோடுக்கு மாத்திக்கலாம், பிரச்சனை இல்ல. ஆனா பேங்க் ஃபைல்ல தொகையெல்லாம் காம்ப்-3ல, அதாவது ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கமா அடைச்சு வைக்கற முறைல, இருக்கும், அந்த மாதிரி ஃபைலை மொத்தமா கன்வர்ட் பண்ணவே கூடாது. +12345ங்கறது 12, 34, 5சின்னு மூணு பைட்டா உக்காந்திருக்கும், கடைசி சிங்கறது ப்ளஸ் குறி. அந்தக் கடைசி 5சி எப்சிடிக்ல நட்சத்திரக் குறி, கன்வர்ட் பண்ணா 2ஏ ஆயிடும், அதாவது கடைசி இலக்கம் 5 போய் 2 வந்துடும். கன்வர்ஷன் எந்த எர்ரரும் தராது, ரிப்போர்ட்ல தொகை மட்டும் தப்பா வரும், யாரும் கவனிக்கலைன்னா அப்படியே மேல போயிடும். அதனால ஃபைலை பைனரியாவே திறங்க, எந்த ஃபீல்டு எங்க இருக்குன்னு சொல்ற காப்பிபுக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஃபீல்டா பிரிங்க, எழுத்து இருக்கற ஃபீல்டை மட்டும் டீகோட் பண்ணுங்க. எஃப்டிபிலயும் பைனரி மோடுதான். ஃபைலுக்கு கோட் பேர் குறிக்கற சிஎச்டேக் கமாண்டைப் போட்டா ஃபைல் மாறிடும்னு சிலர் சொல்லுவாங்க, அது லேபிள் மட்டும்தான் ஒட்டும், உள்ள ஒரு பைட்டும் மாறாது.

முதல்ல ஓஎம்விஎஸ்க்குள்ள (யூனிக்ஸ் பக்கத்தோட கமாண்ட் திரை) போய் பைத்தான்3ன்னு அடிச்சுப் பாருங்க. ஏற்கனவே போட்டே வச்சிருப்பாங்க, டெவலப்பருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க, இது எத்தனை இடத்துல நடக்குதுன்னு நினைச்சாலே கோபம் வருது. இல்லன்னா மெயின்ஃப்ரேமை மெயின்டெய்ன் பண்ற சிஸ்ப்ரோக் (சிஸ்டம் ப்ரோக்ராமர்) டீமுக்கு டிக்கெட் போடுங்க, அப்ரூவல், சேஞ்ச் விண்டோன்னு இழுப்பாங்க, விடாம கேளுங்க. அது வர்ற வரைக்கும் சின்ன ரிப்போர்ட்டை ரெக்ஸ்லயே எழுதி ஓட்டிக்கலாம்.