லீஸ் ஹோல்டு வீட்டின் மாடியை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: தில்லி ஜனக்புரியில் டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) மனையில் கட்டிய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. இன்னும் லீஸ் ஹோல்டுதான் (குத்தகை நிலம்). கீழே நாங்கள் குடியிருந்துகொண்டு மாடியை மாணவர்களுக்கு பி.ஜி.யாக (பேயிங் கெஸ்ட் விடுதியாக) விட எண்ணம். "எல்லாரும் விடுகிறார்கள், கவலைப்படாதீர்கள்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: எல்லாரும் விடுவது உண்மைதான். ஆனால் பிரச்சினை வரும்போது பேசப்போவது பத்திரம், புரோக்கர் அல்ல. லீஸ் ஹோல்டில் நிலம் அரசுடையது; குத்தகையை நிர்வகிப்பது டி.டி.ஏ. நீங்கள் வாங்குவது குத்தகை உரிமையை மட்டும். ஆகவே நீங்கள் வாடகைக்கு விட்டால் சட்டத்தின் கண்ணில் அது உள்வாடகை.

முதலில் பர்பெச்சுவல் லீஸ் டீடின் (நிரந்தரக் குத்தகைப் பத்திரம்) நகலை ஒரு பக்கம் விடாமல் வாங்குங்கள். அலாட்மென்ட் (மனை ஒதுக்கீட்டு) கடிதம் போதாது. முன் அனுமதி இல்லாமல் மனையை விற்கவோ, அதில் ஒரு பகுதியின் சுவாதீனத்தைக்கூட விட்டுக்கொடுக்கவோ கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கும். பலர் இதைப் படித்ததுமே பயந்து பத்திரத்தை மூடிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளிப் படியுங்கள். டி.டி.ஏ.வின் வழக்கமான குடியிருப்பு மனைப் பத்திரத்தில், கட்டடத்தை முழுதாகவோ பகுதியாகவோ உள்வாடகைக்கு விடலாம் என்ற விலக்கும் வரும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: தனிக் குடியிருப்புக்கு மட்டுமே விட வேண்டும்; மாத வாடகையாகவோ, 5 ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கோதான் விட வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு 11 மாத ஒப்பந்தத்தில் விட்டால் இதில் சிக்கல் இல்லை. அறைக்கு நான்கு கட்டில், சமையலுக்கு ஆள், தலைக்கு இவ்வளவு என்று போனால், அது 'தனிக் குடியிருப்பு'தானா என்ற கேள்வி எழும். என் கணிப்பில் வாதம் உங்களுக்கு எதிராகவே போகும். விட்டே தீர வேண்டுமென்றால் டி.டி.ஏ.விடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

தவறு குடியிருப்பவருடையதாக இருந்தாலும் டி.டி.ஏ. பிடிப்பது உங்களைத்தான். சொத்து மாற்றுச் சட்டம் 108(ஜே) பிரிவின்படி, உள்வாடகைக்கு விட்டதால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. லீஸ் டீடின் பயன்பாட்டு ஷரத்தை அப்படியே வாடகை ஒப்பந்தத்தில் எழுதி, மீறினால் காலிசெய்ய வேண்டும் என்றும் சேருங்கள். வாடகை மாதம் 3,500 ரூபாயைத் தாண்டினால் 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைச் சட்டம் பொருந்தாது. ஒப்பந்த வாசகம்தான் கைகொடுக்கும்.

கேள்வி: விற்பவரிடம் இருப்பது பவர் பத்திரம் மட்டும்தான். பரவாயில்லையா?
– அதே வாசகி

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பவர் பத்திரம் கைமாறுவதால் சொத்து கைமாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. டி.டி.ஏ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் குத்தகைதாரர். விற்பவர் ஃப்ரீ ஹோல்டாக (குத்தகை நீங்கிய முழு உரிமையாக) மாற்றி, அதற்கான கன்வேயன்ஸ் டீடும் (உரிமை மாற்றுப் பத்திரம்) பதிவான பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள். தரைவாடகை பாக்கி, மிஸ்யூஸ் (முறைகேடான பயன்பாடு) நோட்டீஸ் ஏதும் உண்டா என்பதும் அப்போதே வெளியே வந்துவிடும். ஃப்ரீ ஹோல்டு ஆனபின் குத்தகை ஷரத்து போய்விடும். மாஸ்டர் பிளானின் (நகர வளர்ச்சித் திட்டம்) பயன்பாட்டு விதி மட்டும் போகாது.