குளிர்தான் காரணமா?

அன்புள்ள ஐயா,

முதல் உலகப் போரில் பிரான்ஸ் அகழிகளில் நின்ற இந்தியச் சிப்பாய்கள் ஓராண்டிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டார்கள், ஐரோப்பியக் குளிரை அவர்களால் தாங்க முடியவில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வெப்ப நாட்டவர்கள், அது இயல்புதானே என்று தோன்றியது. உங்கள் கருத்து என்ன?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

இந்த விளக்கம் நூறாண்டுகளாகப் புத்தகத்துக்குப் புத்தகம் தாவி வருகிறது. அதை நான் ஏற்கவில்லை.

குளிர் கொடுமையாக இருந்தது உண்மை. 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியவர்கள் மெல்லிய காக்கிச் சீருடையில் வந்தார்கள். கம்பளி உடைகள் தாமதமாகத்தான் கிடைத்தன. அவர்கள் நின்ற ஃபிளாண்டர்ஸ் பகுதி, இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் பூமி. அகழியில் முழங்காலளவு சேற்று நீர். அதில் நாள்கணக்கில் நின்று பாதங்கள் மரத்து அழுகின. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பாதங்களும் அப்படித்தான் அழுகின. ஜெர்மானியரிடம் கையெறி குண்டுகள் இருந்தன. இந்தியச் சிப்பாய்களோ ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்து எறிந்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் களத்தில் நின்றார்கள். 1914 நவம்பரில் ஃபெஸ்டுபெர்ட்டில் இழந்த அகழிகளை மீட்டு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற தர்வான் சிங் நேகி, இமயத்தின் கட்வால் மலைக்காரர். கூர்க்காக்கள் நேபாள மலைகளிலிருந்து வந்தவர்கள். இவர்களை வெப்ப நாட்டவர் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, 1915 இறுதியில் விலக்கப்பட்டது காலாட்படை மட்டுமே. இந்தியக் குதிரைப்படை 1918 வரை பிரான்சில் இருந்தது. முறை வைத்து அகழிகளிலும் நின்றது. மிகக் கடுமையான 1916-17 குளிர்காலத்தையும் அங்கேதான் கழித்தது.

அப்படியானால் காலாட்படைக்கு என்ன நேர்ந்தது? ஒரு பட்டாலியனில் சுமார் 750 சிப்பாய்கள், பன்னிரண்டு பதின்மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகள். சிப்பாய்களின் மொழியும் வழக்கமும் அறிந்த அந்த அதிகாரிகள் முதல் சில வாரங்களிலேயே பெருமளவில் மடிந்தார்கள். அவர்களின் இடத்தை நிரப்ப ஆளில்லை. சீக்கியர், டோக்ரா, பட்டாணியர் என்று இனம் பார்த்துப் பட்டாலியனின் உட்பிரிவுகளான கம்பெனிகளை அமைத்ததால், ஒரு கம்பெனியில் விழுந்தவர்களுக்குப் பதிலாக வேறு இனத்தவரை எளிதில் சேர்க்கவும் முடியவில்லை. அதனால் காயம் ஆறியவர்களையே மறுபடி அகழிக்கு அனுப்பினார்கள். சிப்பாய்களின் கடிதங்களில் பெரும் கசப்பாக வெளிப்படுவது இதுதான். ஊரிலுள்ள தம்பிமாரைப் பட்டாளத்தில் சேராதே என்று எச்சரித்த கடிதங்களும் தணிக்கை அதிகாரிகளின் கைகளில் சிக்கின.

என்னைக் கோபப்படுத்துவது வேறு. இந்தியர்கள் வகித்த கீழ்நிலை அதிகாரப் பதவிகளில் இருந்த சுபேதார்களும் ஜமேதார்களும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். பட்டாலியனுக்குத் தலைமை தாங்க அவர்களுக்கு வழியே இல்லை. மன்னரின் நேரடி ஆணைபெற்ற அதிகாரப் பதவி அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. தலைமை தாங்க விடாமல் வைத்துவிட்டு, வெள்ளை அதிகாரி விழுந்தால் இந்தியர்கள் தடுமாறுகிறார்கள் என்று அறிக்கை எழுதினார்கள். அந்த அநீதியைப் பேசாமல் கடந்துபோக, குளிர் வசதியான காரணமாக அமைந்தது.

பிரான்சின் நவ் ஷப்பெல் நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் இருக்கின்றன. 1915 மார்ச் 10 அன்று அங்கே ஜெர்மன் அகழிக்குள் புகுந்து, அதன் ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆளாகத் திரும்பி எதிரியைத் துரத்திச் சென்று உயிர்விட்ட கபர் சிங் நேகியின் வயது பத்தொன்பது.

பிரான்சிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு டிவிஷன்களும் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, அனுப்பப்பட்டன. 1916 ஜனவரி 21 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையைத் துருக்கியர் சூழ்ந்திருந்த கூட் நகர முற்றுகையை உடைக்க ஹன்னா என்ற இடத்தில் தாக்கியபோது, அங்கும் மழை, சேறு, உறையவைக்கும் குளிர். மருத்துவ வசதி போதாமல், காயம்பட்டவர்கள் இரவெல்லாம் அந்தச் சேற்றிலேயே கிடந்தார்கள்.