உரிமையாளர் கோடீஸ்வரர் என்றால் புதிய மைதானத்தை அவரே கட்டிவிடலாமே? – ஓர் எவர்ட்டன் ரசிகரின் பதில்

"ஒரு கால்பந்துக் கழகத்தின் உரிமையாளர் பெரும் கோடீஸ்வரராக இருக்கும்போது, புதிய மைதானத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டித் தர வேண்டியதுதானே? எதற்காகக் கடன், மைதானத்தின் பெயர் உரிமை விற்பனை, டிக்கெட் விலை உயர்வு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கழகம் என்று சொல்லவில்லை. 2025 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட், ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய மைதானத்தை ஏறக்குறைய 200 கோடி பவுண்டு செலவில் கட்டும் திட்டத்தை வெளியிட்டதிலிருந்து இக்கேள்வி அடிக்கடி என் கண்ணில் படுவதால், நீங்களும் யுனைடெட் ரசிகர் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு கழகமாக இருந்தாலும் சொல்லப்போவது பொருந்தும்.

நான் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரக் கழகமான எவர்ட்டனின் ரசிகன். உங்களுடைய இதே கேள்வியை 2016-இல் நானும் கேட்டேன். அதற்கான விடையை அடுத்த ஒன்பது ஆண்டுகளில் தூக்கம் கெட்டுத்தான் தெரிந்துகொண்டேன். செவிலியர் பணியில் இருக்கும் எனக்கு நிதித்துறையில் பயிற்சி கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சொந்த வீடு கட்டிய எவருக்கும் இந்த விவகாரத்தின் அடிப்படை புரியும்.

குமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் என் ஊர். மாலையானால் கோயில் வாசல் மணலில் பந்து உருளாத நாள் இருக்காது. கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை. 2004-இல் வேலைக்காக லிவர்பூல் வந்து, வாடகை குறைவு என்பதற்காக வால்ட்டன் பகுதியில் வீடு எடுத்தேன். வந்த மாதத்திலேயே ஒரு சனிக்கிழமை, தெரு முழுவதும் நீலச் சட்டைகள் நகர்ந்து சென்ற திசையில் நானும் நடந்தேன். எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானத்தின் ஒரு மூலையில், இரண்டு பார்வையாளர் மாடங்களுக்கு நடுவே, செயின்ட் லூக் தேவாலயம் ஒட்டிக்கொண்டு நின்றது. கோயிலும் பந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தபோது ஊருக்கே திரும்பிவிட்டதுபோல் இருந்தது. "வெளிநாட்டுக் கழகத்துக்காக இப்படி உருக வேண்டுமா?" என்று உறவினர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்னிடம் உள்ள ஒரே பதில் அந்த மூலைதான்.

குடிசன் பார்க் 1892-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு எவர்ட்டன் விளையாடிய இடம் ஆன்ஃபீல்ட். அங்கே வாடகை விஷயத்தில் மைதான உரிமையாளர் ஜான் ஹோல்டிங்குடன் ஏற்பட்ட தகராறில் கழகம் வெளியேற, காலியாகிப்போன மைதானத்துக்காக அவர் தொடங்கிய புதுக் கழகம்தான் இன்றைய லிவர்பூல். மைதானம் யாருடையது, அதற்கான பணம் யாருடையது என்ற கேள்வி இந்த நகரத்தில் அவ்வளவு பழையது.

அழகான மைதானம் என்றாலும் அது சம்பாதித்துத் தரவில்லை. என் இருக்கை புல்லன்ஸ் மாடத்தின் மேல்தளத்தில், மர இருக்கை, மரத்தரை. நேர் எதிரே கூரையைத் தாங்கும் தூண் ஒன்று இருந்ததால், பந்து இடப்பக்கக் கோலுக்கு அருகே போகும்போதெல்லாம் வரிசையே ஒருசேர வலப்பக்கம் சாயும். ஏறத்தாழ 39,000 இருக்கைகளில் இப்படிப் பார்வை மறையும் இருக்கைகள் ஏராளம். பெரிய விருந்தோம்பல் அறைகள் கட்ட இடமில்லை. மூன்று பக்கமும் வீடுகளும் தெருக்களும். ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரணிகளின் மைதானங்கள் ஈட்டும் தொகையில் ஒரு பகுதியைத்தான் நாங்கள் ஈட்டினோம். எனவே புதிய மைதானம் ஆடம்பரமாக இருக்கவில்லை, பிழைப்பாக இருந்தது.

முதல் முயற்சி நகர மையத்தை ஒட்டிய கிங்ஸ் டாக் என்ற பழைய கப்பல்துறை. எவர்ட்டன் தன் பங்காகத் திரட்ட வேண்டியிருந்தது 3 கோடி பவுண்டு மட்டுமே. அதைத் திரட்ட முடியாமல் 2003-இல் திட்டம் கைவிட்டுப்போனது. அப்போது கழகத்தை வைத்திருந்த பில் கென்ரைட், நாடகத் தயாரிப்பாளர், சிறு வயதிலிருந்தே எவர்ட்டன் ரசிகர். அவரிடம் அன்புக்குக் குறைவில்லை, பணம்தான் இல்லை. அடுத்து டெஸ்கோ நிறுவனத்துடன் சேர்ந்து நகர எல்லைக்கு வெளியே கிர்க்பியில் கட்டும் திட்டம். 2007-இல் ரசிகர்களிடம் வாக்கெடுத்து, பெரும்பான்மை கிடைத்து, இறுதியில் 2009 நவம்பரில் அரசு நிராகரித்துவிட்டது. ஏழை உரிமையாளர் என்றால் இப்படித்தான் ஆகும் என்று நாங்கள் முடிவுகட்டிக்கொண்டோம்.

ஆகவே 2016 பிப்ரவரியில் ஃபர்ஹாத் மோஷிரி ஆர்சனல் கழகப் பங்குகளை விற்றுவிட்டு எவர்ட்டனில் 49.9 விழுக்காடு வாங்கியபோது, வால்ட்டன் தெருக்களில் திருவிழா மனநிலை. நானும் உங்களைப்போலவே நினைத்தேன்: கோடீஸ்வரர் வந்துவிட்டார், இனி மைதானம் தானாக எழும்.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். 2012-இல் ஊரில் வீடு கட்டத் தொடங்கினேன். வங்கிக் கடனில் ஒரு பகுதி, என் சேமிப்பில் ஒரு பகுதி, வளைகுடாவில் இருந்த மச்சான் தருவதாகச் சொன்ன ஒரு பகுதி. மச்சான் வாக்குத் தவறுகிறவர் அல்லர். ஆனால் லின்டல் மட்டம் முடிந்து மேல்தளக் கான்கிரீட் போட வேண்டிய நேரத்தில் அவர் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டது. வங்கி அடுத்த தவணையை வேலை முடிந்த அளவுக்கே விடுவிக்கும். ஒப்பந்தக்காரர் சிமென்ட் விலையைக் காட்டிக் கூடுதல் தொகை கேட்டார். ஒரு முழு ஆண்டு, இரண்டு மழைக்காலம், தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து நின்றன. லிவர்பூலில் வாடகையும் ஊரில் வட்டியும் ஒரே சம்பளத்தில் போயின.

எவர்ட்டனுக்கு நேர்ந்தது இதுவேதான், தொகை மட்டுமே வேறு. மோஷிரியின் செல்வம் பெரும்பாலும் ரஷ்யக் கோடீஸ்வரர் அலிஷேர் உஸ்மானோவின் யூ.எஸ்.எம். குழுமத்தைச் சார்ந்திருந்தது. அதே குழுமம் எங்கள் பயிற்சி மையத்துக்குப் பெயர் வைத்தது. புதிய மைதானத்தின் பெயர் உரிமையை முதலில் வாங்கும் வாய்ப்புக்கு மட்டும் 2020-இல் 3 கோடி பவுண்டு கொடுத்தது. மைதானத்துக்கு இடமாகத் தேர்ந்தது மெர்சி ஆற்றங்கரையில் 1848-இல் திறக்கப்பட்ட பிராம்லி-மூர் டாக். 2021-இல் அனுமதி கிடைத்தது, அதே ஆண்டு வேலையும் தொடங்கியது. ஐரிஷ் கடலடியிலிருந்து ஏறக்குறைய 4.5 லட்சம் கனமீட்டர் மணலை அள்ளி வந்து அந்தக் கப்பல்துறையைத் தூர்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியதற்குச் சொன்ன காரணங்களில் இந்த மைதானமும் ஒன்று.

விடுமுறை நாள்களில் மகனை அழைத்துக்கொண்டு மறுகரையில் உள்ள வாலசிக்குப் போய் நின்று பார்ப்பேன். பக்கத்தில் போனால் பழைய டாக் மதிலின் பெருங்கற்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடும்; ஆற்றின் மறுகரையிலிருந்து பார்த்தால்தான் கிரேன்கள் தெரியும்.

பிறகு 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. சில நாள்களில் உஸ்மானோவ் மீது ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் தடை விதித்தன. மார்ச் தொடக்கத்திலேயே அவருடைய நிறுவனங்களின் ஒப்பந்தங்களைக் கழகம் நிறுத்திவைத்தது. கட்டடம் தரையிலிருந்து எழத் தொடங்கியிருந்த நேரம் அது. நீண்ட காலக் கடனுக்கான உறுதியான ஏற்பாடு கையில் இல்லாமலே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 2021 டிசம்பர் வரை 0.1 விழுக்காடாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம், 2023 ஆகஸ்டில் 5.25 ஆக உயர்ந்தது. லண்டன் கழகமான டோட்டன்ஹாம் 100 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து 2019-இல் மைதானம் திறந்த கையோடு, வட்டி மலிவாக இருந்த அந்தக் காலத்திலேயே தன் கடனின் பெரும்பகுதியை நீண்ட காலத்துக்கு நிலையான வட்டியில் மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து மைதானம் பூட்டப்பட்டபோதும் அவர்கள் தாக்குப்பிடித்ததற்கு அந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். எங்கள் கையில் அப்படி எதுவும் இல்லை.

உரிமையாளர் பணம் போடவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். மோஷிரி சுமார் 45 கோடி பவுண்டு வட்டியில்லாக் கடனாகக் கழகத்துக்குத் தந்தார். ஆனால் மைதானத்துக்குத் தேவைப்பட்ட அதே ஆண்டுகளில், ஆட்டக்காரர்களை வாங்குவதிலும் பயிற்சியாளர்களை மாற்றுவதிலும் பணம் ஆறாக ஓடியது. 2021 வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும் 37 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம். "பேராசைப்பட்டு நீங்களும்தானே கைதட்டினீர்கள்?" என்று யாராவது கேட்டால், ஆம், கைதட்டினோம். அதை நான் மறைக்கவில்லை.

2023 மே 28, போர்ன்மவுத்துடன் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால்தான் மற்ற ஆட்டங்களின் முடிவை நம்பாமல் பிரீமியர் லீக்கில் நீடிப்போம் என்ற நிலை. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் சரிந்துபோகும். அந்த வருமானத்தை நம்பித்தான் ஒவ்வொரு கடன்காரரும் பணம் கொடுத்திருந்தார். 57-ஆவது நிமிடத்தில் எங்கள் ஆட்டக்காரர் டுக்குரே அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. அதன்பின் எஞ்சிய நேரம் முழுவதும் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்குள் ஊரில் துருப்பிடித்து நின்ற கம்பிகள்தான் இருந்தன. ஒன்றுக்குச் சுழியம் என்று முடிந்தது. மகன் என் கையைப் பிடித்திருந்த இடத்தில் நகத்தின் தடம் பதிந்திருந்தது.

அதோடு முடியவில்லை. பிரீமியர் லீக்கின் நட்ட வரம்பை மீறியதற்காக நவம்பர் 17 அன்று ஒரு தனி ஆணையம் எங்கள் பத்துப் புள்ளிகளைக் கழித்தது. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் அனுமதி. விதிப்படி விலக்கக்கூடிய செலவுகளைக் கழித்த பிறகும் எங்கள் கணக்கு 12.45 கோடி. மைதானம் கட்டும் செலவு அந்த வரம்பில் சேராது. ஆனால் கடனுக்கான வட்டி சேருமா என்பதில்தான் வழக்கே திரும்பியது. வெளிக்கடன்கள் மைதானத்துக்காகவே வாங்கப்பட்டவை, எனவே வட்டியையும் விலக்க வேண்டும் என்று கழகம் வாதிட்டது. ஆவணங்களின்படி அவை அன்றாடச் செலவுக்கான கடன்கள் என்று ஆணையம் ஏற்க மறுத்தது. எங்கள் மைதானத்தில் நடந்த அடுத்த ஆட்டத்தில், யுனைடெட்டுக்கு எதிராக, லீக் நிர்வாகத்தைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் இளஞ்சிவப்பு அட்டைகளைத் தூக்கியபோது நானும் தூக்கினேன். தண்டனை அளவு மீறியது என்று இன்றும் நம்புகிறேன். மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது அதற்குச் சான்று. ஆனால் எந்தப் பணம் எதற்கானது என்பதைக் கடன் வாங்கும் நாளிலேயே தாளில் எழுதிவைக்காத தவறு எங்கள் நிர்வாகத்துடையது. என் வீட்டுக் கடனில் அந்த வரியை எழுதாமல் எந்த வங்கியும் கையெழுத்து வாங்கியதில்லை.

இதற்கிடையே 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கழகத்தை வாங்குவதாக 2023 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டு, சுமார் 20 கோடி பவுண்டு கடனும் கொடுத்து, 2024 மே இறுதிவரை இழுத்து, கடைசியில் முடியாமல் போனது. 2024 டிசம்பர் 19 அன்று ஃபிரீட்கின் குழுமம் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. மோஷிரி தந்த கடன் பங்காக மாற்றப்பட்டது. அதாவது கழகம் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கான உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: உரிமையாளர் "என் பணம்" என்று சொல்வது பங்காக வருகிறதா, கடனாக வருகிறதா?

ஆர்சனலுக்கு இப்படி ஒரு கோடீஸ்வரர் தேவைப்படவில்லை. 39 கோடி பவுண்டு மைதானத்துக்கு 26 கோடி வங்கிக் கடன், எமிரேட்ஸ் விமான நிறுவனத்துடன் 10 கோடி ஒப்பந்தம், பழைய ஹைபரி மைதானத்தைக் குடியிருப்புகளாக்கி விற்ற வருமானம் எனத் தொடக்கத்திலேயே தொகை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கான விலையாக 2005 முதல் 2014 வரை ஒரு கோப்பையும் இல்லாமல், நல்ல ஆட்டக்காரர்களை விற்றுக்கொண்டு காத்திருந்தார்கள். ஆனால் யாரும் புள்ளியைக் கழிக்கவில்லை, கழகம் ஏலத்துக்கும் வரவில்லை.

உங்கள் கழகத்துக்கு வருவோம். யுனைடெட்டின் பங்குதாரர்களில் ஒருவரான ஜிம் ராட்கிளிஃப் பெரும் பணக்காரர்தான். ஆனால் அவரிடம் இருப்பது கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட பங்கு. பெரும்பான்மை கிளேசர் குடும்பத்திடம் இருக்கிறது. அவர்கள் 2005-இல் வாங்கியபோது சுமத்திய கடனே இன்னும் கழகத்தின் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் சொந்தப் பணத்தில் 200 கோடி கொட்டினால், கொட்டாத மற்றவர்களின் பங்கும் சேர்ந்தல்லவா மதிப்பு உயரும்? எந்தப் பணக்காரரும் அதற்குச் சம்மதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் தூணுக்குக் குழி தோண்டும் நாளில் எவ்வளவு தொகை கையெழுத்தாகி நிற்கிறது என்பதை மட்டும் கேளுங்கள். மாதிரிப் படங்களைப் பார்த்து நாங்கள் மயங்கியதுபோல் மயங்க வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 24, குடிசன் திறந்து சரியாக 133 ஆண்டுகள் கழிந்த அன்று, புதிய மைதானத்தில் பிரைட்டனுடன் முதல் லீக் ஆட்டம். ஒரு சட்ட நிறுவனம் பெயர் உரிமையை வாங்கியதால் அதற்கு ஹில் டிக்கின்சன் ஸ்டேடியம் என்று பெயர். 52,769 இருக்கைகள், ஒன்றிலும் தூண் மறைக்காது. முதல் கோலை இலிமான் இன்டியாயே அடித்தபோது பழக்கத்தில் நான் வலப்பக்கம் சாய்ந்தேன். மகன் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். குடிசன் இப்போது மகளிர் அணியின் மைதானம், இடிக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆண்டு மார்ச்சிலேயே பழைய அதிக வட்டிக் கடன்களுக்குப் பதிலாக 35 கோடி பவுண்டு நீண்ட காலக் கடனாக மாற்றிவிட்டார்கள். பதினைந்து வயதாகும் என் மகன் வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தில் டிக்கெட் வாங்கும் காலத்திலும் அந்தத் தவணை போய்க்கொண்டிருக்கும்.