40 ஷீட்டா, 40 பக்கமா? கல்யாண ஆல்பம்: கேள்வி-பதில்

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஸ்டூடியோவில் "12க்கு 36, 40 ஷீட், ரெண்டு ஆல்பம்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– கும்பகோணம் வாசகி

பதில்: முதலில் அந்த 40 என்பது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். 12க்கு 36 என்பது ஆல்பத்தை விரித்து வைத்தால் வருகிற அளவு, அங்குலத்தில். மூடினால் 12க்கு 18. விரித்தால் தெரிகிற முழுப் பரப்பைச் சிலர் ஒரு ஷீட் என்பார்கள். வேறு சிலர் இடது ஒன்று, வலது ஒன்று என்று எண்ணி 40 என்பார்கள். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது 20 விரிப்புதான், பாதி ஆல்பம். கொட்டேஷனில் "12க்கு 36 விரிப்பு 40" என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து தாள். பளபளப்பான கிளாஸி தாளில் நிறம் எடுப்பாக இருக்கும், ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசும், விரல் ரேகை பதியும். மெட்டாலிக் தாளில் சரிகையும் நகையும் மின்னும், ஆனால் முகத்திலும் அந்த மினுக்கு ஏறிவிடும். பத்துப் பேர் கையில் புரளப்போகிற ஆல்பத்துக்கு பளபளப்பில்லாத மேட் தாள்தான் நல்லது என்பது என் கருத்து. ஸ்டூடியோவில் மாதிரி பார்க்கும்போது புத்தம்புது ஆல்பத்தை நம்பாதீர்கள். பலர் புரட்டிப் பழசான மாதிரியைக் கேளுங்கள். நடு மடிப்பில் வெள்ளைக் கீறல் விழுந்திருக்கிறதா, ஓரத்தில் தாள் பிரிகிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

கூடுதல் ஷீட் ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். டிசைன் முடிந்த பிறகு "40 பத்தலை, 52 ஆயிடுச்சு" என்று வந்து நிற்பது சகஜம். எத்தனை முறை திருத்தம் செய்து தருவார்கள், எந்தத் தேதிக்குள் ஆல்பம் வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். கடைசித் தவணையை ஆல்பத்தை முழுக்கப் புரட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: போன மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. 3,000 படங்களுக்கு மேல் கொடுத்துவிட்டு "செலக்ட் பண்ணுங்க" என்கிறார்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டியல். டிசைனர் அனுப்பிய மாதிரியில் ஒரு ஷீட்டில் 12 படம், பின்னால் ரோஜாப்பூ. பார்க்கவே நெரிசலாக இருக்கிறது.
– திருப்பூர் வாசகர்

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒரு விரிப்புக்கு நாலு படம் என்று வைத்தால் 40 விரிப்புக்கு 160 படம். 160 என்ற எண்ணை முதலில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பட்டியல் வீங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ரிசப்ஷன் மேடைப் படங்கள். அதே சோபா, அதே மாலை, பக்கத்தில் நிற்பவர்கள் மட்டும் வேறு. அவற்றைப் பெரிய ஆல்பத்தில் சேர்க்காதீர்கள். தனியாக ஒரு சின்ன போட்டோபுக் போட்டு, பக்கத்துக்கு ஆறு படம் என்று கட்டம் கட்டமாக அடுக்கச் சொல்லுங்கள். வந்தவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள், யாருக்கும் மனத்தாங்கல் வராது, செலவும் குறைவு.

பெரிய ஆல்பத்தில் ஒரு விரிப்புக்கு ஒரு தருணம் போதும். தாலி கட்டும் விரிப்பு என்றால் அந்தப் படம் பெரிதாக ஒன்று. ஓரத்தில் முடிச்சுப் போடும் நாத்தனாரின் கை, பெண்ணின் அப்பா முகம், அட்சதை தூவும் கூட்டம். நலங்கு, மாலை மாற்றுதல், மெட்டி, பந்தி என்று ஒவ்வொன்றையும் இப்படியே யோசியுங்கள். பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். என் தங்கையின் கல்யாண ஆல்பத்தில் 44 ஷீட் உண்டு. எங்கள் பாட்டி தனியாக இருக்கிற படம் அதில் ஒன்றுகூட இல்லை. எடுத்திருந்த படங்களில் ஏழு இருந்தன. பாட்டி போன பிறகுதான் தேடினோம்.

டிசைன் பார்க்க வரும்போது ஒவ்வொரு விரிப்பிலும் நடுக்கோட்டைப் பாருங்கள். தட்டையாக விரிகிற ஆல்பத்திலும் மடிப்பு மடிப்புதான். குடும்பப் படத்தில் நட்டநடுவில் நிற்பது பெரும்பாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் என்பதால் கோடு அவர்கள் முகத்திலேயே விழும். படத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் அரை அங்குலம் வரை வெட்டில் போகலாம் என்று வைத்துக்கொண்டு, தலையோ கையோ விளிம்பை ஒட்டி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரோஜாவும் இதய வடிவமும் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். வெள்ளை அல்லது சந்தன நிறப் பின்னணியில் படம்தான் பேசும்.

முகத்தை வெளுக்கவைக்கும் வேலையையும் நிறுத்தச் சொல்லுங்கள். மணப்பெண்ணின் நிறம் அவருடைய நிறம். அதை மாற்ற டிசைனருக்கு யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரை தானே ஒளி விடுவது, தாள் அப்படி அல்ல. அதனால் அச்சில் எல்லாமே கொஞ்சம் இருண்டு வரும். முகூர்த்தப் புடவை நன்றாகத் தெரிகிற ஒரு படத்தை அதே தாளில் அச்சடித்து வாங்கிப் புடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தால் 40 விரிப்பும் அப்படித்தான் வரும். அப்புறம் பெயர், தேதி, மண்டபத்தின் பெயர் ஆகியவற்றை வீட்டில் இரண்டு பேர் எழுத்து எழுத்தாகப் படிக்கட்டும்.

கேள்வி: தோழிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை ஆல்பத்தில் சேர்க்கலாமா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: சின்னதாகச் சேர்க்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நீளவாக்கில் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கு வைத்தால், ஐந்தரை அங்குலம்கூட வராது. அதே படத்தை 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும்.

கேள்வி: கல்யாணம் முடிந்து 14 மாதம் ஆகிறது. 80 சதவீதப் பணம் கொடுத்தாயிற்று. ஆல்பம் வரவில்லை. படங்களையாவது கொடுங்கள் என்றால், அவை ஸ்டூடியோவின் சொத்து என்கிறார்கள்.
– வேலூர் வாசகர்

பதில்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம், பிரிவு 17 அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். அதனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இதற்கு மாறாக ஏதாவது வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரிமை உங்களுடையது என்பதாலேயே கேமரா பதிவுசெய்தபடியே இருக்கிற, மெருகேற்றாத ரா கோப்புகளையும் தந்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. அது பேசி எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம். முழு அளவு ஜேபெக் கோப்புகள் கிடைத்தால் ஆல்பம் போட அதுவே போதும்.

ஆல்பம் தராதது சேவைக் குறைபாடு. கொடுத்த பணம், தேதி, ரசீது விவரங்களோடு, 15 நாள் கெடு வைத்து, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதால், "அடுத்த வாரம் தர்றோம்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: அப்பா அம்மாவின் 1984ஆம் ஆண்டுக் கல்யாண ஆல்பத்தில் படங்கள் பசைத் தாளில் ஒட்டிக்கொண்டு மஞ்சளாகிவிட்டன. 40ஆவது கல்யாண நாளே தாண்டிவிட்டது. அதைப் புதிய போட்டோபுக்காக மாற்ற முடியுமா?
– காரைக்குடி வாசகி

பதில்: தாராளமாக. முதலில் பரணையும் டிரங்குப் பெட்டியையும் துழாவி நெகட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால், மங்கிய படத்தைவிட அதிலிருந்து ஸ்கேன் செய்வதே தெளிவாக வரும்.

இல்லையென்றால் ஆல்பத்தில் இருக்கிற படியே முதலில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, அப்புறம் பிரிக்கப் பாருங்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, மெதுவாக அறுப்பதுபோல இழுங்கள். சூடு காட்டாதீர்கள், நகத்தால் கிளப்பாதீர்கள். வராத படத்தை விட்டுவிடுங்கள், ஸ்கேன்தான் இருக்கிறதே. 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 8க்கு 12 வரை பெரிதாக்கி அச்சடிக்கலாம்.

படத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய பெயர்கள் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படத்திலும் இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிசைனரிடம் கொடுக்கிற பென்டிரைவில் அந்தப் பட்டியலும் இருக்கட்டும்.