ஆசிரியரின் உடல்நிலையும் மனநிலையும் தொடக்கப் பள்ளிப் பாடத்தைப் பாதிக்குமா?

"முன்பு அருமையாகச் சொல்லிக் கொடுத்த டீச்சர் இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், அவருக்கு உடம்பு சரியில்லாததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு மீனவர் ஊரில் இடைநிலை ஆசிரியை நான். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். எங்கள் பள்ளியும் அப்படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். தலைமையாசிரியை கூட்டம், பயிற்சி என்று போகும் நாளில் ஐந்து வகுப்பும் என்னிடம்.

ஒரு வருடம் முழுக்கக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. காலை ஏழு மணிக்கு ராமநாதபுரத்தில் பஸ் ஏறினால், சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு மடக்குக்கு மேல் குடிக்கமாட்டேன். கடற்கரைப் பள்ளிகளுக்குப் போய்வரும் என் தோழிகள் சிலரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். எனக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. அப்புறம் குரல் போனது. வறண்ட தொண்டையோடு, காற்று இரைச்சலுக்கு மேல் மூன்று வகுப்புக்குப் பேச வேண்டுமே.

அந்த வருடம் நான் பாடம் எதையும் விடவில்லை. கரும்பலகையில் எழுதினேன், எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் எல்லாம் ஏற்றினேன். காது கொடுத்துக் கேட்பதுதான் நின்றுபோனது. ஒரு பையன் மழையை 'மளை' என்று வாசிப்பான். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவனை என் பக்கத்தில் நிறுத்தி, நாக்கை மடிக்கச் சொல்லி, பத்துத் தடவையாவது சொல்ல வைத்திருப்பேன். அந்த வருடமோ "சரி, அடுத்து" என்று நகர்ந்துவிடுவேன். அடிவயிற்று வலியோடு நிற்கிறவளுக்கு அடுத்த மணி எப்போது அடிக்கும் என்பதுதான் நினைப்பு. எழுத்துக் கூட்டி வாசித்தானா, மனப்பாடமாகச் சொன்னானா என்றுகூடக் கவனிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அவன் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தில் ஆக அடிநிலையான 'அரும்பு' நிலையிலேயே இருந்தான். கெட்டிக்காரப் பையன். அது என் தவறு என்று இன்றும் உறுத்துகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா, நண்டு வலையில் வேலை பார்ப்பவர். எனக்குச் சொல்லக் கூசிய விஷயத்தை அவர் கூட்டத்தில் பட்டென்று போட்டு உடைத்தார்: "டீச்சருங்க ஒண்ணுக்குப் போக எடமில்ல." ஊராட்சியில் விடாமல் கேட்டு ஒரே மாதத்தில் குழாய் இழுக்க வைத்தார்.

இன்றும் இரண்டே ஆசிரியர்கள்தான், எமிஸும் அப்படியேதான். ஆனால் தண்ணீர் குடிக்கிறேன், குரல் இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கப் பொறுமையாக நின்று கேட்கிறேன். அந்தப் பையனுக்கு 'ழ' வரப் பொங்கல் தாண்டிவிட்டது.

நீங்களும் புகார் எழுதும் முன், அந்த டீச்சர் எத்தனை வகுப்பு பார்க்கிறார், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அவராக வாய்விட்டுச் சொல்லமாட்டார்.