நிமிடத்துக்கு 28 மூச்சு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செவிலியர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வார்டில் பலரும் படித்தோம். பொறுமையின் வடிவம், தியாகம், வெள்ளுடைத் தேவதை என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். நன்றி. ஆனால் என்னால் அதில் ஒட்டவே முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. சென்ற மாதம் நைட் டியூட்டியில், வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒருவருக்கு மூச்சு எண்ணினேன். முழு நிமிடத்துக்கு 28. பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனாலும் மனதுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. டியூட்டி டாக்டரை போனில் கூப்பிட்டேன். "வலியாக இருக்கும், காலையில் ரவுண்ட்ஸில் பார்க்கலாம்" என்றார். சார்ட்டில் எழுதினேன். மறுபடி கூப்பிடவில்லை. உடனிருந்த சீனியர் சிஸ்டர், "சொல்லியாச்சு, எழுதியாச்சு, இனி உன் தலையில் எதுவும் விழாது" என்றார். விடிவதற்குள் அந்த நோயாளியை ஐசியூவுக்கு மாற்ற வேண்டி வந்தது. பிழைத்துக்கொண்டார். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

எனக்கு வேலை தெரியும். தைரியம்தான் இல்லை. அது பிறவியிலேயே வர வேண்டியதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் கட்டுரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 28.

எத்தனையோ சார்ட்டுகளில் எல்லா நோயாளிக்கும் எல்லா வேளையும் மூச்சு 18, 20 என்றே இருக்கும். எண்ணாமல் எழுதியவை. நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். உடல் தடுமாறத் தொடங்கும்போது பல நேரங்களில் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான். வேகமாக மூச்சுவாங்கியே உடல் மற்ற அளவுகளைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது. பிபியும் சாச்சுரேஷனும் சரியாக இருந்தது அதனால் இருக்கலாம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012இல் வெளியிட்ட 'நியூஸ்' எச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுதல்), மூச்சு 25ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். ஓர் அளவுக்குத் தரக்கூடிய உச்சம் அது. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், நோயாளியை அவசரமாக நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று அதற்குப் பொருள். மனதுக்குச் சரியாகப் படவில்லை என்கிறீர்களே, அது உங்கள் ஐந்து வருட வேலை தந்த படிப்பு.

இனி தைரியம். 1966இல் ஹோஃப்ளிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பணியில் இருந்த 22 செவிலியர்களை, முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' போனில் கூப்பிட்டு, குறிப்பிட்ட மாத்திரையை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். பெட்டியின் லேபிளிலேயே ஒரு நாளின் உச்ச அளவு 10 என்று இருந்தது. போனில் சொல்லி மருந்து கொடுப்பதும் விதிக்கு விரோதம். இருந்தும் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள், வழியிலேயே நிறுத்தப்பட்டார்கள். உள்ளே இருந்தது வெறும் குளுக்கோஸ்.

இத்தனையோடு கதையை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். 1977இல் ரேங்க், ஜேகப்சன் என்ற இருவர் இதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். இம்முறை மருந்து எல்லோருக்கும் பழக்கமான வேலியம். கூப்பிட்டவர் தெரிந்த டாக்டர். சக செவிலியர்களிடம் கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. இடைப்பட்ட வருடங்களில் காலமும் மாறியிருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: முதல் 22 பேர் கோழைகளும் அல்ல, பின்னால் வந்த 18 பேர் வீராங்கனைகளாகப் பிறந்தவர்களும் அல்ல. பின்னவர்களுக்கு மருந்து தெரிந்திருந்தது, "இது சரியா?" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருந்தது. உங்களுக்கு முதலாவது, அதாவது வேலை தெரிந்திருப்பது, இருந்தது. பக்கத்தில் ஆளும் இருந்தார், ஆனால் வாயை அடைத்துவிட்டார்.

'உன் தலையில் விழாது' என்ற அந்தச் சொல்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. சார்ட் நோயாளிக்காக எழுதப்படுவது. அதை நம் தலைக்குக் குடையாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? அந்த சிஸ்டரும் ஒரு காலத்தில் மறுபடி கூப்பிட்டுத் திட்டு வாங்கியவராக இருக்கலாம். அவரை வெறுக்காதீர்கள், ஆனால் அந்தப் பாடத்தை அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் கைமாற்றாதீர்கள்.

2005இல் இங்கிலாந்தில் ஒரு சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்த பிறகு நோயாளிக்கு மூச்சுவழி அமையவில்லை. டாக்டர்கள் திரும்பத் திரும்பக் குழாய் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு செவிலியர், கழுத்தில் துளையிடும் ட்ரக்கியாஸ்டமி கருவிகளைக் கொண்டுவந்து, தயார் என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் ஐசியூவில் படுக்கை கேட்டுவிட்டு வந்தார்; டாக்டர்கள் பார்த்த பார்வையில் அதை ரத்து செய்துவிட்டார். நோயாளியான அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் அறைக்குள்ளேயே இருந்தும் அவர்கள் சொல் ஏன் எடுபடவில்லை என்ற கேள்வியை அவர் விடவே இல்லை.

ஆகவே நேராகச் சொல்கிறேன்: நீங்கள் மறுபடி கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு நெஞ்சுரத்தைவிட முதலில் வேண்டியது சரியான வாக்கியம். போனில் என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "சார், கொஞ்சம் மூச்சு வாங்குறார்" என்றிருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அது வலியாகத்தான் கேட்கும். "மூச்சு 28, முன்பு 18. இரண்டாம் நாள் வயிற்று ஆபரேஷன். வெறும் வலியாகத் தெரியவில்லை. நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். வர முடியாதென்றால் அடுத்து யாரைக் கூப்பிடட்டும்?" என்று கேட்டால் மழுப்புவது கடினம். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற இந்த வரிசைக்கு 'எஸ்பார்' என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. பகலில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஊசி போடப் பழகியதைப் போலத்தான் இதுவும்.

அப்படியும் கதவு திறக்காத இடங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் மருத்துவமனையில் ஐசியூ பொறுப்புச் செவிலியராக இருந்த டோனி ஹாஃப்மன், ஓர் அறுவை மருத்துவரைப் பற்றி 2003 முதல் நிர்வாகத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஐசியூவின் வசதிக்கு மீறிய அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன என்றார். பலன் இல்லாமல் 2005இல் தொகுதி உறுப்பினரிடம் போனார். விவகாரம் மாநில நாடாளுமன்றத்தில் வெடித்து விசாரணை வந்தது. அவர் கையில் இருந்தது நோயாளிகளுக்கு என்ன நடந்தது என்ற பதிவு. ஐசியூ வேலை தெரியாத ஒருவரால் அந்தப் பதிவை எழுதியிருக்கவே முடியாது.

உங்கள் தூக்கத்துக்கு என்னிடம் மருந்தில்லை. அந்த இரவை வார்டு இன்சார்ஜிடம், பிறகு அந்த டாக்டரிடமே, குற்றம்சாட்டும் தொனியில்லாமல் பேசிப் பாருங்கள்.

என் கட்டுரைக்கு வருகிறேன். உங்களைத் தேவதை என்று எழுதியது தவறு. தேவதைக்கு மூச்சை எண்ணத் தெரிய வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு, தனக்கு மேல் பொறுப்பில் இருப்பவரிடம் மறுத்துப் பேச வேண்டிய நிலையும் வராது. தொகுப்பில் சேர்க்கும்போது அந்தப் பத்தியை எடுத்துவிடுகிறேன். நீங்கள் சம்மதித்தால், அடையாளம் ஏதுமின்றி உங்கள் இரவை அந்த இடத்தில் எழுத விரும்புகிறேன். நீங்கள் எண்ணியபோது மணி என்ன, அவர் படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா, முழு வாக்கியமாகப் பேச முடிந்ததா என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.