இரண்டாவது சாக்ஸ்

வணக்கம் அக்கா,

இந்த வருடம் இரண்டு காரியங்களை ஜனவரி 1 அன்று தொடங்கினேன். இரவுச் சாப்பாட்டை வெளியே வாங்காமல் வீட்டிலேயே சமைப்பது ஒன்று. என் கையால் ஒரு ஜோடி சாக்ஸ் பின்னி முடிப்பது இன்னொன்று. முதல் எட்டு நாள் தினமும் ஒரு புதுக் குறிப்பைப் பார்த்துச் சமைத்தேன். ஒன்பதாம் நாள் வேலை முடிந்து வந்தபோது சமையலறைப் பக்கமே கால் போகவில்லை. அன்றிலிருந்து வெளிச்சாப்பாடுதான். சாக்ஸ் கணுக்கால் வரைக்கும் அழகாக வந்தது. குதிகாலில் மாட்டிக்கொண்டு இரண்டு முறை பிரித்துவிட்டேன். "கடையில் கிடைக்கிற சாக்ஸுக்கு இத்தனை பாடா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்போது எனக்கே அந்தக் கேள்வி வந்துவிட்டது. விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

விட வேண்டாம். எட்டு நாள் சமைத்ததையும் கணுக்கால் வரை பின்னியதையும் கடைசி வரியில் நீங்களே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வட்டமாகப் பின்னி ஒரு குழாயை நேராகக் கொண்டுவந்தவருக்கு சாக்ஸின் பெரும்பகுதி கைவந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

முதலில் அந்தக் கடைச் சாக்ஸ் கேள்வி. இது நேற்று முளைத்த கேள்வி இல்லை. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரத்தை 1589இல் செய்துவிட்டார். அதற்கு அப்புறமும் நானூறு வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் கையால் சாக்ஸ் பின்னிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தில் கிடைத்த ஒரு ஜோடி சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் இருக்கிறது. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தையது. நாம் செய்கிற பின்னல் அல்ல, ஒற்றை ஊசியால் முடிச்சுப்போல் கோத்துக் கோத்துச் செய்தது. செருப்பின் வார் நுழைவதற்காகக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அதைச் செய்தவர் யாரென்று தெரியாது. ஆனால் ஒரு காலை மனதில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிகிறது. கடைச் சாக்ஸ் நல்ல பொருள்தான், நானும் வாங்குகிறேன். நீங்கள் பின்னுவதோ உங்கள் காலின் அளவை நீங்களே எடுத்துச் செய்வது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

சரி, குதிகாலுக்கு வருவோம். 64 கண்ணிகளில், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களில், பின்னுவதாக வைத்துக்கொள்கிறேன், மெல்லிய சாக்ஸ் நூலுக்கு அதுதான் வழக்கமான எண்ணிக்கை. அதில் பாதியை, 32 கண்ணிகளை மட்டும், ஒரே ஊசியில் வைத்து முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்ன வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே மற்ற ஊசிக்கு மாற்றிவிடுங்கள். ஓரத்தில் சங்கிலிபோல 16 கண்ணிகள் வரும், அவை பிறகு உதவும். இப்போது உங்கள் கையில் ஒரு சின்னச் சதுரத் துண்டு தொங்கும்.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இடத்தில். தட்டையான அந்தத் துண்டைக் கிண்ணம்போல வளைக்க வேண்டும். 18 கண்ணி நிட் (நேர்ப் பின்னல்), அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னும் ஒரு நிட். அங்கேயே நிறுத்தித் திருப்பிவிடுங்கள். ஊசியில் 11 கண்ணிகள் மிச்சம் நிற்கும், நிற்கட்டும். இந்தப் பக்கம் முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றி, 5 பர்ல் (நிட்டின் மறுபக்கப் பின்னல்), இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், இன்னும் ஒரு பர்ல், மறுபடியும் திருப்புங்கள். "வரிசை முடியவில்லையே, பாதியில் திருப்புகிறோமே" என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்தப் பயத்தில்தான் பிரித்துவிடுகிறோம். நீங்கள் இரண்டு முறை பிரித்ததும் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு ஊசியைப் பாருங்கள். திருப்பிய இடத்தில் கண்ணிகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியும். அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பின்னுங்கள். அதன் பிறகு ஒன்று பின்னித் திருப்புங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இதுவேதான். இடைவெளியே வழிகாட்டும், குறிப்பைப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாக் கண்ணிகளும் தீரும்போது 18 மிஞ்சும். கையில் இருப்பது துண்டு இல்லை, குதிகால். பின்னலில் எனக்கு எத்தனை முறை செய்தாலும் அலுக்காத இடம் இது.

அப்புறம் ஓரச் சங்கிலியிலிருந்து பக்கத்துக்கு 16 கண்ணி எடுத்தால், இதுவரை பின்னாமல் காத்திருந்த 32 கண்ணிகளோடு மொத்தம் 82 ஆகும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 64க்கு வந்துவிட்டால் விரல்கள் வரைக்கும் பழையபடி வட்டம்தான்.

நூலைப் பற்றி ஒன்று மட்டும். சாதாரணக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கும். சூடும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொண்டு, துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். என் முதல் ஜோடியை வெந்நீரில் துவைத்து அப்படித்தான் இழந்தேன். ஆசையாகப் பின்னியது, அன்று முழுக்க எதிலும் மனம் ஓடவில்லை. சாக்ஸ் நூல் என்றே விற்கும் வகையை வாங்குங்கள். முக்கால் பங்கு சூப்பர்வாஷ் கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்த நூல் எளிதில் கிடைக்கும். சூப்பர்வாஷ் என்றால் செதில்கள் மாட்டிக்கொள்ளாதபடி பதப்படுத்தியது. குதிகால் சீக்கிரம் தேயாமல் இருக்க நைலான்.

இனி சமையல். உங்களைக் களைக்கவைத்தது சமையல் இல்லை, எட்டு நாளில் எட்டுப் புதுக் குறிப்புகள். ஒவ்வொரு நாளும் அளவு பார்த்து, பொருள் தேடி, இது சரியாக வருமா என்ற பதற்றத்தோடு அடுப்பின் முன் நின்றால் யாருக்கும் ஒன்பதாம் நாள் கால் வராது. ஒரு பண்டத்தை முதல்முறை செய்யும்போது நாம் குறிப்பைத்தான் சமைக்கிறோம். மூன்றாம் முறைதான் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணில் படும். அதனால் மூன்று பண்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் முழுக்க அவையேதான், மாற்றி மாற்றி.

அதில் ஒன்றாவது நின்று நிதானமாக வேகிறதாக இருக்கட்டும். வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும் என்று குறிப்புகளில் எழுதுகிறார்கள், ஆகாது. மெல்லிதாக அரிந்து, சிறு தீயில், அது உள்வரை இனித்துப் பழுப்பாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். முதலில் நீர் விட்டுக் குழையும். நீர் வற்றியதும் அடியில் பழுப்பாகப் பிடிக்கும். ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டால் அந்த ருசி மறுபடி வெங்காயத்திலேயே சேரும். இதைச் சூப்பில் போடலாம், பயறில் போடலாம், முட்டையோடு கிளறலாம். ஒருநாள் நிறையச் செய்து வைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு நாள் வேலை பாதியாகும். ஆறியதும் வெளியே விடாமல் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சிவப்புக் கிட்னி பீன்ஸ் செய்வதானால் ஒரு எச்சரிக்கை. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைக்க வேண்டும். அதில் இயற்கையாகவே இருக்கும் லெக்டின் என்ற நச்சு கொதித்தால்தான் அடங்கும். மெல்லிய சூட்டில் வைத்தால் அடங்காது, வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அடுப்பில் வெங்காயம் முக்கால் மணி நேரம் கேட்கிறது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். அந்த இடைவெளியில் சாக்ஸில் இரண்டு மூன்று சுற்று ஓடும். நான் பல வருடமாகப் பின்னுவது இந்த நேரத்தில்தான். "சமைக்கவும் வேண்டும், பின்னவும் வேண்டும்" என்று இரண்டு கடமையாக நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஒன்று வேகிற நேரம் இன்னொன்றின் நேரம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஊசியை எடுங்கள், அவ்வளவுதான்.

புது வருடம் தொடங்குவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முதல் நாள், முதல் சமையல், முதல் சாக்ஸ். எனக்கு முதலாவதன் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. முதல் சாக்ஸை ஆர்வமே இழுத்துக்கொண்டு போய்விடும். ஏறக்குறைய 10,000 கண்ணிகள் பின்னி முடித்துவிட்டு, அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோமே, பின்னல் கைக்கு வருவது அப்போதுதான். இரண்டாவது குதிகாலில் நீங்கள் எண்ண மாட்டீர்கள், இடைவெளியைப் பார்த்தே போவீர்கள். ஒன்பதாம் நாள் விட்டது விட்டதாகவே இருக்கட்டும். பத்தாம் நாளை ஈடுகட்டும் நாளாக ஆக்காதீர்கள். முன்பு செய்து நன்றாக வந்த ஏதோ ஒன்றை மறுபடி செய்யுங்கள்.

ஒரு சின்ன யோசனை. முதல் சாக்ஸின் விரல்முனையை மூடிய அன்றே, எழுந்திருக்கும் முன், இரண்டாவதற்கு 64 கண்ணிகளை ஊசியில் ஏற்றிவிடுங்கள். ஒரே ஒரு சுற்று ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் மேல் விளிம்பு) போட்டால்கூடப் போதும். ஊசி காலியாக இருந்தால் பைக்குள் போய்விடும், நூல் ஏறிய ஊசி மேசையிலேயே கிடக்கும்.

குதிகால் திரும்பியதும் 18 கண்ணிகள் மிஞ்சினவா என்று எழுதுங்கள். 17 என்று வந்தாலும் பிரிக்க வேண்டாம், ஓரத்தில் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.